ஆத்துமாக்கள் வந்தால் போதாதா, உபதேசம் எதற்கு?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "சுவிசேஷப் பிரசங்கத்தில் உபதேசம், உபதேசம் என்று ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கிறீர்கள்? இயேசுவைச் சொன்னால் போதாதா? உபதேசம் சபைகளைப் பிரிக்கிறது, அன்புதானே சேர்க்கிறது? ஜனங்கள் வருகிறார்கள், அழுகிறார்கள், மாறுகிறார்கள் என்றால் பிரசங்கியார் எப்படிப் பேசினால் என்ன?"

நியாயமான கேள்விதான். உபதேசத்துக்காகச் சண்டை போடுகிறவர்களில் பலரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேச முடியாது என்பதும் எனக்குத் தெரியும், அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். ஆனால் கேள்வி ஒன்றைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது: உபதேசம் உள்ள பிரசங்கம், உபதேசம் இல்லாத பிரசங்கம் என்று இரண்டு வகை இருப்பதாக. அப்படி இரண்டு கிடையாது. "இயேசு உங்களை நேசிக்கிறார்" என்று ஒருவர் மேடையில் சொன்ன உடனே, எந்த இயேசு, அவர் நேசித்தால் எனக்கு என்ன, அந்த நேசம் எதைச் செய்தது, என்னிடம் எதைக் கேட்கிறது என்ற அத்தனைக்கும் கேட்பவர் மனதுக்குள் ஒரு பதில் உருவாகிவிடுகிறது. பிரசங்கியார் பதில் சொல்லாமல் விட்டால் கேட்பவர் தானே நிரப்பிக்கொள்வார், பெரும்பாலும் தன் ஆசையையோ பயத்தையோ வைத்து. வேலை கிடைக்காதவருக்கு இயேசு வேலை வாங்கித் தருகிறவர் ஆகிவிடுகிறார், குற்றவுணர்வில் இருப்பவருக்குத் தண்டிக்கக் காத்திருக்கிறவர் ஆகிவிடுகிறார். அதுவும் உபதேசம்தான், யாரும் சரிபார்க்காத உபதேசம்.

சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவியானவர் இறங்கின பெந்தெகொஸ்தே நாளை எடுத்துக்கொள்ளுங்கள், ஆத்துமாக்கள் வந்த நாள் என்றால் அதைவிடப் பெரிய நாள் எது? அன்று பேதுரு என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், யோவேல் தீர்க்கதரிசியை எடுத்து விளக்குகிறார், 16-ஆம் சங்கீதத்தை எடுத்து, தாவீது செத்து அடக்கம்பண்ணப்பட்டார், கல்லறை இன்றைக்கும் இருக்கிறது, அப்படியானால் இந்த வார்த்தை யாரைப் பற்றியது என்று வாதம் பண்ணுகிறார், 110-ஆம் சங்கீதத்தில் கொண்டுபோய் முடிக்கிறார். வேத விளக்கமாகவே ஓடுகிற பிரசங்கம் அது. இருதயத்தில் குத்தப்பட்டவர்கள் அந்த விளக்கத்தைக் கேட்டுத்தான் குத்தப்பட்டார்கள். சுமார் 3,000 பேர் சேர்ந்தார்கள் என்று 41-ஆம் வசனம் சொல்கிறது, அடுத்த வசனத்தில் அவர்கள் உறுதியாய்த் தரித்திருந்தவைகளின் பட்டியலில் முதலில் நிற்பது "அப்போஸ்தலருடைய உபதேசம்". ஆத்துமாக்களா உபதேசமா என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை.

சரி, "எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்பட்டால் போதும்" என்று பவுலே சொன்னாரே என்று கேட்பீர்கள். சொன்னார், பிலிப்பியர் 1-இல். சிலர் பொறாமையாலும் விரோதத்தாலும் பிரசங்கிக்கிறார்கள், சிறையில் இருக்கிற தனக்கு உபத்திரவம் கூட்ட நினைக்கிறார்கள் என்று தெரிந்தும், "இதனாலென்ன?" என்று கேட்டுவிட்டுச் சந்தோஷப்படுகிறார். அதே பவுல்தான் கலாத்தியர் 1-இல், வானத்திலிருந்து வருகிற தூதனே வேறொரு சுவிசேஷத்தைப் பிரசங்கித்தாலும் அவன் சபிக்கப்பட்டவன் என்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிலிப்பியரில் ஆள் கெட்டவன், செய்தி சரி. கலாத்தியரில் வந்தவர்கள் பார்வைக்குப் பக்திமான்கள், இயேசுவை மறுக்கவும் இல்லை, விசுவாசத்தோடு விருத்தசேதனமும் வேண்டும் என்று ஒன்றைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். நாம் இன்றைக்கு இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். பிரசங்கியாரின் குணத்தில் சின்னக் குறை தெரிந்தால் முகம் சுளிக்கிறோம், ஆனால் நல்ல மனிதர், உருக்கமாக ஜெபிக்கிறார் என்றால் அவர் சுவிசேஷத்தோடு என்னத்தைச் சேர்த்தாலும் ஆமென் போடுகிறோம். (குணம் முக்கியம் இல்லை என்று சொல்லவில்லை, தீமோத்தேயு, தீத்து நிருபங்களில் கண்காணியின், அதாவது சபையை மேய்க்கிறவரின், தகுதிகளில் பெரும்பாலானவை குணத்தைப் பற்றியவைதான்.)

இப்போது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். தவறான உபதேசம் என்றாலே பலர் அப்பட்டமான பொய்யை நினைக்கிறார்கள், இயேசு உயிர்த்தெழவில்லை என்று யாராவது மேடையில் சொல்வது போல. சுவிசேஷக சபைகளில் அது அபூர்வம். நம்மிடம் அடிக்கடி நடப்பது என்னவென்றால், வாக்குத்தத்தம் உண்மையாக இருக்கும், தேதி தவறாக இருக்கும். அல்லது முகவரி தவறாக இருக்கும்.

எரேமியா 28-ஐ வாசித்துப் பாருங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லார் முன்பாகவும் எழுந்து, பாபிலோன் ராஜாவின் நுகத்தைக் கர்த்தர் முறித்துவிட்டார், இரண்டு வருஷத்துக்குள்ளே எல்லாம் திரும்பி வரும் என்கிறார். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தையே பிடுங்கி உடைத்தும் காட்டுகிறார். அந்தக் கூட்டத்தில் நாம் இருந்திருந்தால் யார் பக்கம் கைதட்டியிருப்போம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. இதில் எரேமியாவின் முதல் பதில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்பதுதான், அந்த மனிதருக்கும் நல்ல செய்தி வேண்டாம் என்று இல்லை. ஆனால் செய்தி கர்த்தருடையது அல்ல என்று பிறகு சொல்கிறார், அனனியா அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் சாகிறார். கவனிக்க வேண்டியது, நுகம் முறிக்கப்படும் என்ற வார்த்தை 30-ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய வாயிலிருந்தே வருகிறது. அனனியா இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை, கர்த்தர் வைத்திருந்த ஒன்றுக்குத் தன் இஷ்டத்துக்கு நாள் குறித்தார்.

அடுத்த அதிகாரம்தான் எரேமியா 29, சுவரில் மாட்டுகிற அந்த வசனம் அங்கேதான் இருக்கிறது: நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே. அது 11-ஆம் வசனம். 10-ஆம் வசனத்தில் என்ன இருக்கிறது? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு. சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு எழுதின கடிதம் இது, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணிவையுங்கள், இங்கேதான் இருக்கப்போகிறீர்கள் என்று சொல்கிற கடிதம். அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போய் எருசலேமைப் பார்த்திருக்க முடியாது. இரண்டு வருஷம் என்று சொன்னவனை மறுத்து எழுபது வருஷம் என்று சொன்ன தீர்க்கதரிசியின் வசனத்தை எடுத்து, "இந்த மாதமே உங்கள் காரியம் வாய்க்கும்" என்று பிரசங்கித்தால் எரேமியாவின் வாயால் அனனியாவைப் பேசவைக்கிறோம் என்று அர்த்தம். அந்த வசனத்தில் ஆறுதல் இல்லையா? நிறைய இருக்கிறது, தன் ஆயுசுக்குள் விடுதலையைப் பார்க்காதவனுக்கும் தேவன் நல்லவர் என்கிற ஆறுதல் அது. நாம் கொடுப்பதைவிடப் பெரியது.

சுகமளிக்கும் பிரசங்கத்திலும் இதேதான் நடக்கிறது. "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்ற ஏசாயா 53:5-ஐ எடுத்து, சிலுவையில் உன் வியாதி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது, விசுவாசித்து அறிக்கை செய், இப்போதே உன்னுடையது என்று சொல்கிறார்கள். இதற்கு எதிராகப் பேசுகிறவர்கள் சிலர், அது பாவத்தைப் பற்றி மட்டும்தான், சரீரத்தைப் பற்றி அல்ல என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். அதுவும் சரியில்லை. 1 பேதுரு 2:24 பாவத்தோடு இணைத்துப் பேசுகிறது, உண்மை. ஆனால் மத்தேயு 8:17 அதே ஏசாயா 53-ஐ, இயேசு நிஜமான நோயாளிகளைக் குணமாக்கின இடத்தில் மேற்கோள் காட்டுகிறதே, அதை என்ன செய்வது? சிலுவை சரீரத்தையும் மீட்கிறது. எப்போது என்பதுதான் கேள்வி. ரோமர் 8:23 அதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது: ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாமும் சரீர மீட்புக்காகக் காத்திருந்து உள்ளே தவிக்கிறோம். அதனால்தான் பவுல் தன் உடன் ஊழியர் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவர நேர்ந்தது, தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் என்று எழுத நேர்ந்தது, எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்தபோது தேவன் இரங்கினார் என்று மூச்சுவிட நேர்ந்தது. இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று பவுல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வியாதியஸ்தருக்காக ஜெபியுங்கள், யாக்கோபு 5 சொல்கிறபடி மூப்பர்களை வரவழையுங்கள், தேவன் குணமாக்குகிறார், நான் அதை நம்புகிறேன். ஆனால் தேதியை நாம் குறிக்கக்கூடாது.

குறித்தால் என்ன ஆகும் என்பதைக் கிட்ட நின்று பாருங்கள். புற்றுநோயோடு ஒரு பெண் அந்தக் கூட்டத்துக்கு வருகிறார், எழுந்து நின்று கை உயர்த்தி, குணமானேன் என்று அறிக்கை செய்கிறார். வீட்டுக்குப் போனதும் ராத்திரி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், போட்டால் அவிசுவாசமா, போடாவிட்டால் என்ன ஆகும் என்று. அடுத்த ஸ்கேனில் கட்டி அப்படியே இருக்கிறது. இப்போது அவருக்கு மூன்றே வழி: தேவன் பொய் சொன்னார், அல்லது எனக்கு விசுவாசம் இல்லை, அல்லது எனக்குள் ஏதோ மறைந்த பாவம் இருக்கிறது. நான்காவது வழி, பிரசங்கியார் சொன்னது தவறு என்பது, அவர் மனதில் வரவே வராது, ஏனென்றால் அவர் வசனத்தைக் காட்டித்தானே சொன்னார். பிரசங்கியார் அடுத்த ஊர் கூட்டத்துக்குப் போய்விட்டார். மிச்ச நாட்களில் தேவன் மேல் சாய வேண்டிய அந்தப் பெண், தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடக்கிறார். உபதேசம் என்பது வேதாகமக் கல்லூரிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இதுதான்.

விசுவாசித்தால் பணமும் வளமும் வரும் என்கிற செழிப்பு உபதேசத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 2 கொரிந்தியர் 8:9-இல் அவருடைய தரித்திரத்தினாலே நீங்கள் ஐசுவரியவான்களாகும்படிக்கு என்று பவுல் எழுதுவது எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்குப் பணம் சேர்க்கிற இடத்தில், அதிலிருந்து அவர் வரும் முடிவு "கொடுங்கள்" என்பது. "பெற்றுக்கொள்ளுங்கள்" என்று முடிக்கிறவர்கள் அதிகாரத்தின் மிச்சத்தை வாசிக்கவில்லை, அல்லது வாசித்துவிட்டு மூடிவிட்டார்கள்.

இதில் சுவிசேஷக சபைகளுக்கு மற்றவர்களைவிட ஆபத்து அதிகம் என்று நினைக்கிறேன். டேவிட் பெபிங்டன் என்ற வரலாற்றாசிரியர் 1989-இல் சுவிசேஷகர்களின் அடையாளமாக நான்கைச் சொன்னார்: வேதாகமம், சிலுவை, மனமாற்றம், செயல். நான்காவது மற்ற மூன்றையும் விழுங்கிவிடுவது நம்முடைய பழைய வியாதி. கூட்டம் போடு, ஆள் சேர், அடுத்த இடம் போ. அப்புறம் இன்னொன்று, ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி, அட்டவணைப்படி பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்று வாசிக்கிற சபைகளில் பிரசங்கம் மோசமாக இருந்தாலும் ஜனங்களுக்கு ஏதோ ஒரு ஆகாரம் கிடைத்துவிடும். நம் ஆராதனைகள் பலவற்றில் அப்படி எதுவும் இல்லை, மொத்தச் சுமையும் ஒரே ஆள் பேசுகிற நாற்பது நிமிடத்தின் மேல் இருக்கிறது. சபையின் விசுவாச அறிக்கை எழுத்தில் பழுதில்லாமல் இருக்கும், மேடையில் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கும், ஜனங்கள் கற்றுக்கொள்வது மேடையில் வருவதைத்தான்.

பாட்டிலும்தான். நான்காம் நூற்றாண்டில் ஆரியு என்ற போதகர், குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்தது என்ற தன் போதனையை மாலுமிகளும் மாவரைக்கிறவர்களும் வழிப்போக்கர்களும் பாடும்படி பாட்டாக்கிப் பரப்பினார். 325-இல் நிசேயா சங்கம் கூடி அதை நிராகரித்த பின்பும் சர்ச்சை ஓயவில்லை, ஆரியுவை எதிர்த்து நின்ற அலெக்சாந்திரியா பேராயர் அத்தனாசியு ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். குமாரன் சிருஷ்டி என்றால் நம்மை மீட்டது தேவன் அல்ல, தேவன் அனுப்பின ஒரு பொருள் என்று ஆகிவிடும், அதனால்தான் அந்த மனிதர் விடவில்லை. இன்று ஞாயிறு பள்ளியில் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று திரித்துவத்தை விளக்குகிறோமே, அதுவும் பழைய தவறுதான், சபெல்லியு என்ற பழைய போதகர் சொன்னது, ஒரே ஆள் மூன்று வேஷம். மத்தேயு 3-இல் குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதாவின் சத்தம் கேட்கிறது, மூன்றும் ஒரே நேரத்தில். அதை வாசித்துக் காட்டினாலே பிள்ளைகளுக்குப் போதும்.

இனி மறுபக்கம். "ஆரோக்கியமான உபதேசம்" என்று சொல்லிக்கொண்டு அடுத்தவர் பிரசங்கத்தில் குறை தேடுவதே ஊழியமாக வைத்திருப்பவர்கள் தீத்து 2-ஐ வாசித்துவிட்டு வரட்டும். "ஆரோக்கியமான உபதேசத்திற்கேற்றவைகளை நீ பேசு" என்று தொடங்கிவிட்டுப் பவுல் அடுத்து எதைப் பேசுகிறார்? முதிர்வயதுள்ள ஆண்கள் ஜாக்கிரதையுள்ளவர்களாக இருக்கட்டும், முதிர்வயதுள்ள பெண்கள் அவதூறு பேசாதிருக்கட்டும். 1 தீமோத்தேயு 1-இல் ஆரோக்கியமான உபதேசத்துக்கு எதிரானவர்கள் பட்டியலில் பொய்யர் இருக்கிறார்கள், மனுஷரைத் திருடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்தாரே, பேதுருவின் போதனை மாறிவிட்டதா? ஒரு வரிகூட மாறவில்லை. புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எருசலேமிலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் எழுந்துபோனார், அதையே பவுல் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்காதது என்று எழுதினார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதிலும் நீதிமானாக்கப்படுதல், அதாவது விசுவாசத்தினாலேயே தேவன் நம்மை நீதிமானாக ஏற்றுக்கொள்கிறார் என்ற உபதேசம் இருக்கிறது.

ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்டை நினைத்தால் எனக்கு இது உறுத்தும். மறுபிறப்பை அவர் அளவுக்குப் பிரசங்கித்தவர்கள் குறைவு, 18-ஆம் நூற்றாண்டு எழுப்புதலில் அவர் பங்கை யாரும் மறுக்க முடியாது. அதே மனிதர், அடிமை முறை தடை செய்யப்பட்டிருந்த அமெரிக்கக் குடியேற்றமான ஜார்ஜியாவில் அதை அனுமதிக்கச் சொல்லி வாதாடினார், 1751-இல் தடை நீங்கியது, அவருடைய அநாதை இல்ல நிலத்தில் அடிமைகள் வேலை செய்தார்கள். முன்குறித்தல், அதாவது யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று தேவன் முன்பே தீர்மானித்தாரா என்ற விஷயத்தில், அவரோடு பகிரங்கமாக மோதின மெதடிஸ்ட் பிரசங்கியார் ஜான் வெஸ்லி 1774-இல் அடிமை முறைக்கு எதிராக எழுதினார். முன்குறித்தலில் யார் சரி என்று கேட்டால் மணிக்கணக்காகப் பேசலாம், ஆனால் மனுஷரைத் திருடுகிறவர்களைச் சொல்கிற அந்த 1 தீமோத்தேயு 1:10-இன்படி உபதேசத்தில் எங்கே பெரிய ஓட்டை இருந்தது என்பதில் பேச ஒன்றுமில்லை.

அந்த இருவரிடம் இன்னொன்றும் கற்றுக்கொள்ளலாம். 1770-இல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தது வெஸ்லிதான். கிறிஸ்துவின் தேவத்துவம், சிலுவை, உயிர்த்தெழுதல், கிருபையால் விசுவாசத்தின் மூலம் இரட்சிப்பு, இவை ஒரு வரிசை. ஞானஸ்நான முறை, கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சியின் கணக்கு, முன்குறித்தலின் விளக்கம், இவை அடுத்த வரிசை, முக்கியம்தான், பேச வேண்டியவைதான், ஆனால் இதற்காக ஒருவரைக் கள்ளப்போதகர் என்று சொல்லக் கூடாது. உபதேசம் பிரிக்கிறது என்று நீங்கள் சொன்னீர்களே, நான் பார்த்தவரை இந்த இரண்டு வரிசையையும் குழப்புகிறவர்கள்தான் பாதிப் பிரிவினைக்குக் காரணம், மீதிக்குப் பணமும் பதவியும்.

எபேசு சபையை இங்கே சொல்லாமல் விட முடியாது. அப்போஸ்தலர் 20-இல் அதன் மூப்பர்களிடம்தான் உங்களுக்குள்ளிருந்தே மாறுபாடானவைகளைப் போதிக்கிறவர்கள் எழும்புவார்கள் என்று பவுல் எச்சரித்தார், அங்கேதான் தீமோத்தேயுவை நிறுத்தினார். வெளிப்படுத்தல் 2-க்கு வரும்போது அந்தச் சபை பாடத்தை நன்றாகவே கற்றிருந்தது, அப்போஸ்தலர் அல்லாதவர்களைச் சோதித்துப் பொய்யர் என்று கண்டுபிடித்திருந்தது. கர்த்தர் அதை மெச்சுகிறார், குறையாகச் சொல்லவில்லை. அதன்பிறகுதான் ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்கிறார். சோதிப்பதை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள், உபதேசத்தைக் குறைத்தால் அன்பு கூடும் என்கிறவர்களுக்கு அங்கே ஆதாரம் கிடையாது.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டால், பிரசங்கியாராக இருந்தால் ஒரு புஸ்தகத்தை எடுத்து வரிசையாகப் பிரசங்கியுங்கள். புதிய யோசனை அல்ல, சபைச் சீர்திருத்தவாதி ஸ்விங்லி 1519 ஜனவரி 1 அன்று சூரிக்கில் மத்தேயுவைத் தொடங்கினார். இன்னொரு சீர்திருத்தவாதி கால்வின் 1538-இல் ஜெனீவாவிலிருந்து வெளியேற்றப்பட்டு 1541-இல் திரும்பி வந்தபோது, எந்த இடத்தில் நிறுத்தினாரோ அதற்கு அடுத்த இடத்திலிருந்து ஆரம்பித்தார், நடுவில் நடந்ததைப் பற்றி மேடையில் ஒப்பாரி வைக்கவில்லை. வரிசையாகப் போனால் நமக்குப் பிடிக்காத வசனமும் வந்தே தீரும், 11-ஆம் வசனத்துக்கு முன்பு 10-ஐத் தாண்ட வேண்டியிருக்கும். எல்லா வாரமும் தலைப்புப் பிரசங்கமே செய்கிறவர் தனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு விஷயங்களையே சுற்றிச் சுற்றி வருவார், கெட்ட எண்ணம் இல்லாமலே.

கேட்கிறவராக இருந்தால், வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் ஆராய்ந்து பார்த்தார்கள், நற்குணசாலிகள் என்று பெயர் வாங்கினார்கள். வாசித்த பகுதியிலிருந்து அவர் சொன்ன முடிவு வருகிறதா, முன்னும் பின்னும் உள்ள வசனங்கள் அதற்கு இடம் கொடுக்கின்றனவா, இயேசு மரித்து உயிர்க்காமல் இருந்திருந்தாலும் இந்தப் பிரசங்கத்தை இப்படியே செய்திருக்க முடியுமா என்று பாருங்கள். தவறு தெரிந்தால் உடனே வீடியோவை வெட்டிப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவர், சாதுரியவான், ஆனால் யோவான் கொடுத்த ஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று மறுக்கவில்லை, அவரைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் விவரித்தார்கள். கூடாரம் பண்ணுகிற தம்பதி சொன்னதை அந்தப் பெரிய பேச்சாளரும் கேட்டுக்கொண்டார். அப்படித் தனியாகப் போய்ப் பேசியும், மறுபடி போயும், கேள்வி கேட்பதே கலகம் என்று சொல்கிறவராக உங்கள் போதகர் இருந்தால், அப்போது வேறு சபை தேடுவதில் தவறில்லை.